குளிர்காலத்துக்கு டிரெய்லரை எங்கே விடுவது

செல்கர்க்,
11 செப்டம்பர் 1994

இங்வர் தம்பிக்கு,

போனில் கத்தினால் உனக்குக் கேட்பது பாதி, நீயாகக் கற்பனை செய்துகொள்வது பாதி. அதனால் எழுதுகிறேன். படகு எஞ்சினோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தினால் காது இப்படித்தான் ஆகும்.

விஷயம் டிரெய்லரைப் பற்றியது, என் சக்கரம் வைத்த குட்டி வீட்டைப் பற்றியது. இந்தக் குளிர்காலத்துக்கு அதை உன் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று பார்க்கிறேன். உடனே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, முழுசாகப் படி. பதினோரு குளிர்காலம் இடம் கொடுத்திருக்கிறாய். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அதை நான் மறக்கவில்லை.

ஆனால் உன் கொட்டகையில் ஒரு சங்கடம் இருக்கிறது. அக்டோபரில் முதலில் என் டிரெய்லர் உள்ளே போகும், பின் சுவர் வரைக்கும். அதற்கு முன்னால் உன் படகு, அதற்கும் முன்னால் அறுவடை மெஷின். மெஷின் வெளியே வந்தால்தான் என்னுடையது வெளியே வரும். அது மே மாதம் இரண்டாவது வாரம். நடுவில் ஒரு போர்வையை எடுக்க வேண்டுமென்றால்கூட முடியாது. உன் அத்தான் ஐனர் இருந்தவரை, "மே வரட்டுமே சிக்ருன், பனியில எங்க போகப் போற?" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. எனக்கு அறுபத்து மூன்று. லில்யா ஏப்ரலிலேயே வந்துவிடச் சொல்கிறாள். மகள் வீட்டு வாசலில் என் டிரெய்லரை நிறுத்திக்கொண்டு, பேத்தியை என் மேஜையில் உட்கார வைத்துச் சாப்பாடு ஊட்ட வேண்டும் என்பது என் ஆசை.

இங்கே மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, விவசாயக் கண்காட்சி மைதானத்தில் ஆடு கட்டுகிற நீளக் கட்டடம். இரண்டு, என் சிநேகிதி நெட்டியின் பழைய கோழிக் கொட்டகை. மூன்று, என் வீட்டுக் கொல்லையிலேயே தார்பாய் போட்டு நிறுத்துவது. நீ வண்டி வாகனம் தெரிந்தவன். எது நல்லது, சொல்.

உனக்கே தெரியும், எனக்கு அது வெறும் டிரெய்லர் இல்லை. மீன் ஷெட்டில் இருபத்தாறு வருஷம் கத்தி பிடித்தவள் நான். கோட்டில் மீன், தலையணையில் மீன், தலைமுடியில் மீன். அதை வாங்கி வந்த அன்று நான் ஐனருக்குப் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "இதுக்குள்ள ஒரு செதில்கூட வராது" என்று உன் முன்னால்தானே அவர் சொன்னார்?

வினார்டெர்டா கேக் ஒன்று பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். ஏழு அடுக்கு. ஒரே நாளில் தின்றுவிடாதே.

உன் அக்கா
சிக்ருன்


ரிவர்டன்,
17 செப்டம்பர்

அக்கா,

வினார்டெர்டா வந்தது. ஐந்து அடுக்குத்தான் இருந்தது என்று சொல்லலாமா என்று பார்த்தேன். உன்னிடம் பொய் எடுபடாது என்பதால் விட்டுவிட்டேன்.

உனக்கு என்ன ஆயிற்று? சொந்தத் தம்பியின் கொட்டகை சும்மா கிடக்க, ஆட்டுப் பட்டியில் கொண்டுபோய் விடுவாயா? ஆகஸ்டில் அங்கே ஆடுகள் நின்ற வாடை மறு ஆகஸ்ட் வரை போகாது. அதோடு, அக்டோபரில் பூட்டினால் அவர்களும் மே மாதம்தான் திறப்பார்கள். விசாரித்தாயா?

நெட்டியின் கோழிக் கொட்டகையில் உண்ணி இருக்கும். கோழி போய் நாலு வருஷம் ஆனாலும் உண்ணி போகாது, மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். கொல்லையில் நிறுத்துவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கூரை மேல் மூன்றடி பனி ஏறினால் யார் இறக்குவது? நீயா ஏணியில் ஏறுவாய்? தார்பாய் காற்றில் அடித்து அடித்துப் பெயின்டையே தின்றுவிடும்.

என் கொட்டகையில் சிமென்ட் தரை, எலி கிடையாது, இரண்டு பூனை இருக்கிறது. பின் சுவர் ஓரத்தைப் பெருக்கிக்கூட வைத்துவிட்டேன். அக்டோபர் பத்துக்குள் கொண்டு வா. வேண்டுமானால் ஏப்ரலிலேயே மெஷினை நகர்த்தித் தருகிறேன். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

இங்கே வாத்துகள் தெற்கே கிளம்பிவிட்டன. இந்த வருஷம் ஏரி சீக்கிரம் உறையும் போலிருக்கிறது.

இங்வர்


செல்கர்க்,
2 அக்டோபர்

இங்வருக்கு,

பதினோரு வருஷமாக அசைக்க முடியாத மெஷின் இப்போது "பெரிய வேலை இல்லை" ஆகிவிட்டதா? சந்தோஷம். ஆனால் நான் முடிவு செய்துவிட்டேன். நெட்டியின் கொட்டகைதான். உண்ணிக்கு அவள் சுண்ணாம்பு அடித்துவிட்டாள்.

நெட்டியை உனக்குத் தெரியும், அவளுக்கு எலி என்றால் பிசாசு. "உன் வண்டிக்குள்ள ஒண்ணு வந்தா என் வீட்டுக்குள்ள பத்து வரும். ஒரு ஓட்டை விடாம அடைச்சாத்தான் உள்ளே விடுவேன்" என்றாள். வெள்ளிக்கிழமை இரண்டு பேருமாக உட்கார்ந்தோம். குழாய்த் தண்ணீரை எல்லாம் ஊதி வெளியேற்றி, உறையாமல் இருக்க அந்த ரோஸ் கலர் திரவத்தை ஊற்றினேன். பிறகு கம்பி நாரைப் பிய்த்துப் பிய்த்து ஓட்டைகளில் திணித்தோம். குழாய் போகிற இடம், ஒயர் போகிற இடம், எல்லாம். நெட்டி அட்டையை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாள், அந்த உடம்போடு.

அடியிலிருந்து கூப்பிட்டாள். "ஏய் சிக்ருன், உன் வண்டிக்கு அடியில கதவு எதுக்குடி?"

நான் சிரித்தேன். பிறகு நானும் படுத்துப் பார்த்தேன். மேஜைப் பக்கத்துப் பெஞ்சுக்கு நேர் கீழே சதுரமாக ஒரு தகரம். கையால் திருகிக் கழற்றுகிற மாதிரி நாலு மரை. உள்ளே வந்து பெஞ்சைத் தூக்கி, சாமான்களை வெளியே எடுத்துப் பார்த்தால், தரை விரிப்பு சதுரமாக அறுக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே பலகை மூடி. தூக்குவதற்குத் தோல் வார் வேறு. அழகான வேலை. ஐனரின் வேலை மாதிரி இருக்கிறது.

இது என்ன என்று உனக்குத் தெரியுமா? தெரிந்தால் எழுது. இல்லையென்றால் நான் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன்.

சிக்ருன்


ரிவர்டன்,
6 அக்டோபர்

அக்கா,

அதுவா. அதைப் போய்ப் பெரிதாக எழுதிவிட்டாயே. அத்தான் ஒருமுறை தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்தபோது வெட்டினது என்று நினைக்கிறேன். அல்லது தரை அந்த இடத்தில் இற்றுப் போயிருக்கும். எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அவர் இருந்தால் சொல்லியிருப்பார்.

நேற்று இங்கே முதல் பனி. வடக்குக் காற்று. மாடுகளை உள்ளே ஓட்டிவிட்டேன். பூனை குட்டி போட்டிருக்கிறது, நாலு. ஒன்றுக்கு ஒரு காது மட்டும் வெள்ளை.

அந்த மூடியை ஆணி அடித்து மூடிவிடாதே. ஈரம் உள்ளே தங்கிவிடும். அப்படியே இருக்கட்டும். முடிந்தால் நெட்டியிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்து வண்டியை இங்கே கொண்டு வந்துவிடு. நானே தரை முழுவதையும் சரி பார்த்துத் தருகிறேன்.

இங்வர்


செல்கர்க்,
12 அக்டோபர்

இங்வர்,

உன் கடிதத்தில் மூடியைப் பற்றி எழுதியதைவிடப் பூனையைப் பற்றி எழுதியது அதிகம். சின்ன வயதில் அப்பாவின் கத்தியைத் தொலைத்துவிட்டு வந்து, வானத்தில் மேகம் எப்படி இருந்தது என்று அரை மணி நேரம் சொன்னாயே, அது ஞாபகம் வந்தது. அதனால் மூடியை முழுசாக வெளியே எடுத்தேன்.

அடிப்பக்கத்தில் பென்சில் எழுத்து. ஐனரின் எழுத்து. "1984 ஜனவரி 14, மைனஸ் 31, பிக்கரல் மீன் ஐந்து." அதன் கீழே இன்னொரு சனிக்கிழமை. அதன் கீழே இன்னொன்று. பலகை நிறைய இருக்கிறது. கடைசி இரண்டு வரிசை அவர் எழுத்து இல்லை. உன்னுடையது. '7' போடும்போது குறுக்கே ஒரு கோடு இழுப்பது நம் குடும்பத்தில் நீ ஒருத்தன்தான்.

விரிப்பின் ஓரத்தைக் கத்தியால் நெம்பினேன். செதில். காய்ந்து, நகம் மாதிரி. இருபத்தாறு வருஷம் அதைச் சுரண்டியவளுக்கு அது எந்த மீன் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் டிரெய்லரை ஏரிக்கு இழுத்துப் போயிருக்கிறீர்கள். உறைந்த ஏரி மேல் நிறுத்தி, பனிக்கட்டியிலும் என் தரையிலும் ஓட்டை போட்டு, என் பெஞ்சில் உட்கார்ந்து, தூண்டில் போட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வாசலில் நின்று, "இங்வர் தனியா கஷ்டப்படறான், மாட்டுக்குத் தீவனம் போட்டுட்டு வரேன்" என்கிற மனிதருக்குச் சனிக்கிழமைதோறும் சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காபி குடிக்கும்போது உங்கள் ஊர் ஹல்டோராவைப் பார்த்தேன். சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். அவள் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்தபடியே சிரித்தாள். "ஐயோ, அந்த நீலக் கோடு போட்ட வண்டியா? ஏரியில ஹெக்லாத் தீவுப் பக்கம் வருஷா வருஷம் நிக்குமே! நீதான் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தேன்னு இங்வர் சொன்னானே?" என்றாள். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? ஒரு ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இதைக் கேள். ஒவ்வொரு மே மாதமும் கதவைத் திறந்ததும் எனக்கு மீன் வாடை அடித்தது. ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். ஐனர் என்ன சொன்னார் தெரியுமா? "வண்டியில ஒண்ணும் இல்ல சிக்ருன். அது உன் கையில இருக்கு. இத்தனை வருஷ வேலை, ஊறிப் போச்சு." நான் நம்பினேன். எலுமிச்சம்பழம், வினிகர், சோடா மாவு, எல்லாம் போட்டுத் தேய்த்தேன், தோல் வெடிக்கிற வரைக்கும். டாக்டரிடம் போனேன். அவர் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றார். அவர் மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆகியும் சர்ச்சில் ரொட்டி மாவு பிசையக் கூப்பிட்டால் போவதில்லை. லில்யாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையுறை போட்டுக்கொண்டு தூக்கினேன். அந்தப் போட்டோ என் அலமாரியில் இருக்கிறது. பேத்தியைத் தூக்கியிருக்கிற பாட்டி, ஜூலை வெயிலில், வெள்ளைக் கையுறையோடு.

இனி பூனை, வாத்து, காற்று எதுவும் வேண்டாம். நடந்ததை எழுது.

சிக்ருன்


ரிவர்டன்,
20 அக்டோபர்

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது.

1983 டிசம்பரில் என் மீன்பிடிக் குடிசை உறைந்த ஏரி மேலேயே எரிந்து போனது, அடுப்பிலிருந்து தீப்பிடித்து. உனக்கு ஞாபகம் இருக்கும். அத்தான் வந்து பார்த்தார். திரும்பி வரும்போது கொட்டகையில் உன் வண்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு வாரம்டா. அவளுக்குத் தெரியவா போகுது?" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டிராக்டரில் கட்டி இழுத்தோம். உள்ளே அடுப்பு, மேஜை, இரண்டு பெஞ்சு. வெளியே மைனஸ் முப்பது, உள்ளே சட்டையோடு உட்காரலாம். ஒரு வாரம் இரண்டு வாரம் ஆனது. ஜனவரி பிறந்ததும் அவரே ரம்பத்தோடு வந்தார்.

அறுவடை மெஷின் உன் வண்டிக்கு முன்னால் குளிர்காலம் பூராவும் நின்றதே இல்லை. நீ மே மாதம் வருகிறேன் என்று சொல்கிற நாளுக்கு முந்தின நாள்தான் அதைக் கொண்டு வந்து முன்னால் நிறுத்துவோம். நீ பார்க்கும்படி அதை வெளியே எடுப்போம். ஏப்ரல் முழுக்கக் கழுவுவோம். வினிகர், வறுத்த காபித் தூள், ஜன்னல் எல்லாம் திறந்து வைப்பது. எங்கள் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. உன் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

ஊரில் நீ சம்மதித்ததாகச் சொன்னது நான்தான். யாராவது உன்னிடம் வாய் தவறிச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து அப்படிச் சொன்னேன்.

கை விஷயம் அத்தான் தானாகச் சொன்னது. என்னைக் கேட்டுச் சொல்லவில்லை. ஆனால் முதல் தடவை அவர் அதைச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ உன் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தாய். நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் உனக்குத் தெரியாது, ஆனாலும் எழுதுகிறேன். அத்தான் போன பிறகு போன வருஷம் மே மாதம் நீ வண்டியைத் திறந்து, "ரிட்டையர் ஆகி நாலு வருஷமாச்சு, இன்னும் ஏன்டா இந்த வாடை?" என்று கேட்டாய். அப்போது அவர் இல்லை. உண்மையைச் சொல்ல எனக்கு எந்தத் தடையும் இல்லை. நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கலாம். "கைதான் அக்கா" என்று சொன்னேன்.

அவர் இல்லாத இரண்டு குளிர்காலமும் நான் தனியாகத்தான் போனேன். சனிக்கிழமை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் எதிர்ப் பெஞ்சில் அவர் இருக்கிற மாதிரி இருக்கும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. காது வேறு போச்சு. அதனால்தான் வண்டியை இங்கே கொண்டு வரச் சொல்லி அடம் பிடித்தேன். உண்ணி, பனி, தார்பாய் எல்லாம் அதற்காகச் சொன்னது.

நீ கொண்டு வா அக்கா. இந்தத் தடவை சத்தியமாகக் கொட்டகையைவிட்டு நகராது. நானே தரையை அடைத்து, புது விரிப்புப் போட்டு, சாவியை உன்னிடமே கொடுத்துவிடுகிறேன்.

இங்வர்


செல்கர்க்,
3 நவம்பர்

இங்வர்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கடைசிப் பக்கத்தை நீ எழுதாமல் விட்டிருந்தால் எல்லாப் பழியையும் ஐனர் மேல் போட்டுவிட்டு உன்னை மன்னித்திருப்பேன். நீ எழுதினாய். அதற்காக உன்னை மெச்சுகிறேன், அவ்வளவுதான். மன்னிக்க முடியவில்லை. செத்தவரோடு சண்டை போடக்கூட முடியாது, அவர் தப்பித்துவிட்டார். மிச்சம் இருப்பது நீ.

உங்கள் இரண்டு பேருக்கும் சனிக்கிழமை இருந்தது. ஏரி இருந்தது. நான் கட்டிக் கொடுத்த சாப்பாடு இருந்தது. என்னைக் கேட்டிருந்தால் கத்தியிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு எப்படியும் ஒரு பழைய டிரெய்லர் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். ஐனர் கேட்டு நான் எதை இல்லை என்றிருக்கிறேன்? உங்களுக்கு என்னைக் கேட்பதைவிட, என் கை நாறுகிறது என்று என்னையே நம்ப வைப்பது சுலபமாக இருந்திருக்கிறது. என்னால் ஜீரணிக்க முடியாதது இதுதான்.

வண்டியை உன் கொட்டகைக்குக் கொண்டுவர மாட்டேன். நெட்டியின் கொட்டகைக்கும் போகவில்லை. அவள் பாவம், ஒன்றும் தெரியாதவள், சுண்ணாம்பு அடித்தது வீண் என்று கொஞ்சம் திட்டினாள். இனிமேல் யாருடைய கதவுக்குப் பின்னாலும் அதை விட எனக்கு மனசு இல்லை. என் சமையலறை ஜன்னலுக்கு நேராகக் கொல்லையில் நிறுத்தியாயிற்று. சக்கரத்தை மரக்கட்டை மேல் ஏற்றி வைத்தேன். தார்பாய் போடவில்லை. நீ பெயின்டைப் பற்றிச் சொன்னது பொய்யோ நிஜமோ, எனக்கு அதை மூடி வைக்கப் பிடிக்கவில்லை. பனி ஏறினால் நீளத் துடைப்பத்தால் கீழே நின்றே தள்ளுவேன். நேற்று முதல் பனி நாலு அங்குலம் விழுந்தது, தள்ளிவிட்டேன். ஏணி தேவைப்படவில்லை.

நெட்டியின் வீட்டுக்காரர் தரையை அறுத்து எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட்டுக் கொடுத்தார். பழைய மூடியைப் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். தோல் வாரோடு அப்படியே இருக்கிறது. அதில் ஐனரின் எழுத்து இருக்கிறது, எரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த ஐனர் உன்னோடு ஏரிக்கு வந்தவர். எனக்கு அவரைத் தெரியாது. நீயே வைத்துக்கொள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம். அப்புறம் எப்போது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வினார்டெர்டா அனுப்ப மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ரொட்டி மாவு பிசைந்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போய்க் கையை விட்டேன். பக்கத்தில் நின்றவளிடம் கையை நீட்டி, "ஏதாவது வாடை அடிக்குதா?" என்று கேட்டேன். "ஈஸ்ட் வாடைதான் அடிக்குது, வேற என்ன அடிக்கும்?" என்றாள், ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு. நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஏப்ரல் மாதம் லில்யா வீட்டுக்குக் கிளம்புவேன். கதவைத் திறந்ததும் வாடை இருக்கலாம். பதினோரு வருஷத்தது ஒரு குளிர்காலத்தில் போகாது என்கிறாள் நெட்டி. இருந்தால் இருக்கட்டும். இந்தத் தடவை நான் என் கையை முகர்ந்து பார்க்க மாட்டேன்.

சிக்ருன்